இடைவேளைக் கொப்பியில் யாருடைய நேரம் எழுதப்படுகிறது?

யாழ்ப்பாண நகரில் மூன்று மாடிப் புடவைக் கடை ஒன்றில் 2014ஆம் ஆண்டு நான் மேற்பார்வையாளராக வேலை செய்தேன். எனக்குத் தரப்பட்ட பொறுப்புகளில் ஒன்று ஒரு சீ.ஆர். கொப்பி. பெயர், போன நேரம், வந்த நேரம், கூடுதலாக எடுத்த நிமிடம் என்று நான்கு நிரல்களை அதில் நானே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தேன். காலையில் 10 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், பின்னேரம் 10 நிமிடம். இதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடத்தையும் சிவப்புப் பேனையால் நான்காவது நிரலில் எழுதவேண்டும். மலசலகூடம் போவதும் இந்த நேரங்களுக்குள்தான். மாதக் கடைசியில் சிவப்புக் கணக்கு 30 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு கிடையாது.

நான் யாருக்கும் ஒரு நிமிடம் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றும் பார்க்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றாம் மாடியில் சேலைப் பகுதியில் நின்ற அக்கா ஒருவரின் நிரல் மட்டும் எப்போதும் வெறுமையாக இருக்கும். நாற்பதைத் தாண்டியவர், மூன்று பிள்ளைகளின் தாய். முதலாளி கொப்பியைப் புரட்டும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “அவவைப் பாருங்கோ, ஒரு சிவப்புக் கோடு இருக்கா?” என்று கேட்பார். தீபாவளி வியாபாரம் சூடுபிடித்திருந்த ஒரு நாள், அந்த அக்கா நடுக்கத்துடன் சேலைக் கட்டுகளின் மேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் கிருமித்தொற்று என்றார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன்.

“தம்பி, காலமை வீட்டை விட்டு வெளிக்கிட்டா, திரும்பிப் போகும் வரைக்கும் நான் தண்ணி குடிக்கிறேல்லை. குடிச்சா கீழ போகோணும். போனா நீங்கள் எழுதுவியள்” என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கவேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

ஊழியர்களின் இடைவேளை நேரத்தைக் கண்காணிப்பது பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வருகிறது. என் கொப்பியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடையில் நடந்துகொண்டிருந்தது என்னவென்று அந்தக் கொப்பியைப் படித்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கடிகாரம் வந்த வழி

வேலைக்கு வந்துபோகும் நேரத்தை இயந்திரத்தால் பதிவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஓபர்ன் என்ற ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லார்ட் பண்டி, 1888ஆம் ஆண்டு நேரம் பதியும் கடிகாரமொன்றை உருவாக்கினார். அவரது குடும்பம் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்து, கடைசியில் ஐபிஎம் என்ற பெரும் கணினி நிறுவனத்தின் ஒரு வேராக மாறியது.

அடுத்த கட்டத்தை பிரெடெரிக் டெய்லர் தொடக்கிவைத்தார். கையில் நிறுத்தற் கடிகாரத்துடன் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்த பொறியியலாளர் அவர். விஞ்ஞான முகாமைத்துவம் பற்றி 1911இல் வெளியான அவரது நூலை இன்றும் நமது மாணவர்கள் வணிகக் கல்வியில் படிக்கிறார்கள். ஆனால், அந்த நூலில் உள்ள ஒரு முக்கியமான விடயத்தை முதலாளிமார் பலர் கவனிப்பதில்லை. பெத்லகேம் உருக்காலையில் ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள இரும்புப் பாளங்களைத் தூக்கி ஏற்றும் தொழிலாளர்கள் ஒரு நாளில் 12.5 தொன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை 47.5 தொன்னாக உயர்த்தியதாக டெய்லர் எழுதுகிறார். அதற்கு அவர் சொன்ன வழி, தொழிலாளி நாளின் 43 வீத நேரம் மட்டுமே சுமையோடு இருக்கவேண்டும், மீதி 57 வீத நேரம் சுமையில்லாமல் இருக்கவேண்டும் என்பது. டெய்லர் தரும் விவரங்கள் எல்லாவற்றையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும், தொழிலாளியிடமிருந்து கடைசித் துளி உழைப்பையும் எடுக்க விரும்பிய மனிதர்கூட ஓய்வை வேலையின் ஒரு பகுதியாகவே கணக்கிட்டார் என்பது கவனிக்க வேண்டியது.

முதலாம் உலகப் போரின்போது, 1915இல், ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய பிரித்தானியா ஒரு குழுவை அமைத்தது. வேலை நேரத்தை நீட்டிக்கொண்டே போவதால் உற்பத்தி அதே அளவுக்குக் கூடுவதில்லை என்பதை அந்தக் குழுவின் பணி வெளிக்கொணர்ந்தது. 2022இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, 10 நிமிடத்துக்கு மேற்படாத சிறு இடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சிறு இடைவேளைகள் களைப்பைக் குறைத்து உற்சாகத்தைக் கூட்டுகின்றன என்பது அதன் முடிவு. வேலையின் தரம் எல்லா வேலைகளிலும் கூடியதாக அது சொல்லவில்லை. கடினமான வேலைகளுக்கு 10 நிமிடம் போதாமல் இருக்கலாம் என்றே சுட்டிக்காட்டியது.

எங்கள் சட்டம் யாரைக் கண்காணிக்கச் சொல்கிறது?

இலங்கையில் இடைவேளை என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிற்சாலையில் பெண்களையும் இளம் பராயத்தினரையும் தொடர்ச்சியாக நாலரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. அதற்குள் குறைந்தது அரை மணித்தியால இடைவேளை கொடுக்கவேண்டும். நடுவில் 10 நிமிட இடைவேளை ஒன்று கொடுத்தால் மட்டுமே அந்த நாலரை மணித்தியாலத்தை ஐந்தாக நீட்டலாம்.

புடவைக் கடை, பலசரக்குக் கடை, தனியார் அலுவலகம் போன்றவற்றில் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இதற்குள் சேராது. அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு வீதத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவு வழங்கவேண்டும். அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது.

பால்குடிப் பிள்ளை உள்ள தாய்மாருக்கு இன்னொரு உரிமை உண்டு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும் தொழிலகங்களில், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளைகள் கொடுக்கவேண்டும். பிள்ளைப் பராமரிப்பு நிலையம் அங்கே இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது வழமையான சாப்பாட்டு, ஓய்வு இடைவேளைகளுக்கு மேலதிகமானது.

இந்தச் சட்டங்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். இடைவேளை நேரத்தில் சட்டத்துக்கு அக்கறை இருக்கிறது. ஆனால், இடைவேளை கொடுக்கப்பட்டதா என்பதிலேயே அந்த அக்கறை. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் முதலாளி. வேலை நேரத்துக்கும் சம்பளத்துக்கும் உரிய பதிவேடுகளை வைத்திருப்பது அவருடைய கடமை. அவற்றைப் பார்வையிடும் அதிகாரம் தொழில் உத்தியோகத்தருக்கு உண்டு. நாங்கள் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் அந்தக் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி, தொழிலாளி கூடுதலாக எடுத்தாரா என்று மட்டும் எழுதத் தொடங்கிவிட்டோம்.

என் கொப்பியில் இல்லாத கணக்கு

வேலையை விட்டுப் பல காலத்துக்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். எங்கள் கடை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 7.30க்குப் பூட்டப்படும். மொத்தம் பத்தரை மணித்தியாலம். சாப்பாட்டுக்கு 30 நிமிடத்தையும் இரண்டு 10 நிமிடங்களையும் கழித்தால் 9 மணித்தியாலம் 40 நிமிடம். வாரத்தில் 6 நாள் வேலை என்றால் 58 மணித்தியாலம். சட்டம் சொல்லும் 45ஐக் கழித்தால் வாரத்துக்கு 13 மணித்தியாலம் மேலதிக வேலை. கொடுப்பனவு கொடுத்திருந்தாலே அது 12 மணித்தியால எல்லையைத் தாண்டியிருக்கும். எங்கள் கடையில் மேலதிக நேரம் என்ற சொல்லே இருந்ததில்லை.

நான் சிவப்புப் பேனையால் எழுதியதில் ஒருவருடைய ஆகக்கூடிய மாதக் கணக்கு ஒரு மணித்தியாலத்தைக்கூடத் தொட்டதில்லை. அதே மாதத்தில் கடை அவரிடம் கடன்பட்டது 50 மணித்தியாலத்துக்கும் மேல். அந்த நிமிடங்களை எழுத ஒரு கொப்பியும் இருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்று மாடியிலும் சேர்த்து நாங்கள் 22 பேர். ஊழியர்களுக்கு இருந்தது கீழ்த்தளத்தின் பின்பக்கத்தில் ஒரேயொரு மலசலகூடம். ஒருவருக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும் எல்லாரும் ஒரு தடவை போய்வர 88 நிமிடம் வேண்டும். மூன்றாம் மாடியில் நிற்பவருக்கு ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடும். வரிசையில் இரண்டு பேர் நின்றால் 10 நிமிடம் முடிந்துவிட்டது. அதாவது, நான் சிவப்பில் எழுதிய நிமிடங்களில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்தின் நிமிடங்கள். இரண்டாவது மலசலகூடம் ஒன்றைக் கட்டியிருந்தால் கொப்பியே தேவைப்பட்டிருக்காது.

கொப்பியிலிருந்து இயந்திரத்துக்கு

இன்று கொப்பியின் இடத்தில் விரலடையாள இயந்திரம் இருக்கிறது. முதலில் வருகைக்கும் வெளியேற்றத்துக்கும் மட்டும் பொருத்தப்பட்ட இயந்திரம், இப்போது பல இடங்களில் தேநீருக்குப் போகும்போதும் வரும்போதும் விரல் வைக்கக் கேட்கிறது. கொழும்பில் உள்ள அழைப்பு நிலையங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு விரலும் தேவையில்லை. சாப்பாடு, சிறு ஓய்வு, மலசலகூடம் என்று ஒவ்வொன்றுக்கும் கணினித் திரையில் ஒரு நிலை இருக்கும். அதை அழுத்திவிட்டுத்தான் எழும்பவேண்டும். எத்தனை வினாடி எந்த நிலையில் இருந்தார் என்பது மேற்பார்வையாளரின் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் கணினியில், மவுஸ் அசையாத நேரத்தைக் கணக்கெடுக்கும் மென்பொருள் இருக்கக்கூடும்.

இதில் எதுவரை போகலாம் என்று பிற நாடுகள் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டன. பிரான்ஸில் உள்ள அமேசன் களஞ்சியங்களை நடத்தும் நிறுவனத்துக்கு, அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. 2024 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. தொழிலாளரின் கையிலுள்ள ஸ்கேனர் 10 நிமிடத்துக்கு மேல் வேலையின்றி இருந்தால் மட்டுமன்றி, அதைவிடக் குறைந்த இடைவெளிகளையும் கணக்கெடுத்தது. இவ்வளவு நுணுக்கமாக அளந்தால் ஒவ்வொரு சிறு இடைவேளைக்கும் தொழிலாளி நியாயம் சொல்லவேண்டிய நிலை வரும் என்பதை அதிகாரசபை குற்றமாகக் கண்டது. கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பெரிய களஞ்சியங்களில் சாப்பாட்டு இடைவேளையையோ மலசலகூடம் போவதையோ தடுக்கும் விதத்தில் வேலை இலக்குகளை வைக்க முடியாது என்கிறது.

எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காணப் பயன்படும் விரலடையாளம் போன்ற உடல்சார் தரவுகளைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய வகையில் அது சேர்த்திருக்கிறது. ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கடை வாசலில் விரல் வைக்கும் பிள்ளைக்கு அந்தப் பதிவு எங்கே போகிறது என்று கேட்கலாம் என்பதே தெரியாது.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இடைவேளைக் கண்காணிப்பின் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. எங்கள் கடையில் ஆண்கள் அவசரத்துக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் போய்வந்தார்கள். பெண்கள் தாகத்தை அடக்கினார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைத் தவிர்ப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும் என்று எந்த வைத்தியரும் சொல்வார். வடக்கின் வெயிலில் அது இன்னும் மோசமாகும்.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களும் இப்படித்தான் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் தொழிலாளியான பி. விஜி அவர்களைத் திரட்டி, பெண்கூட்டு என்ற அமைப்பின் மூலம் மலசலகூடத்துக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் போராடினார். 2018இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தி இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டத் திருத்தம் செய்தது. அமெரிக்காவின் கோழி இறைச்சித் தொழிற்சாலைகளில் மலசலகூடம் போக அனுமதி கிடைக்காமல் தொழிலாளர் சிலர் அணையாடை அணிந்து வேலை செய்ததை 2016இல் ஒக்ஸ்பாம் அமைப்பு வெளிக்கொண்டு வந்தது. கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கி, போருக்குப் பின் ஆடைத் தொழிற்சாலைகள் வன்னிக்கும் வந்துவிட்டன. மலையகத்தில் கொழுந்து மலைகள் பலவற்றில் அளப்பதற்கு இடைவேளை இருந்தாலும் போவதற்கு மலசலகூடம் இல்லை.

முதலாளியின் பக்கத்து நியாயம்

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கடையில் ஒரே நேரத்தில் நாலு பேர் தேநீருக்குப் போனால் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார். காசாளர் இடத்தைவிட்டு எழும்பினால் மாற்றாள் வேண்டும். ஒருவர் தினமும் அரை மணித்தியாலம் வெளியே நின்றால் அந்த வேலை பக்கத்தில் நிற்பவரின் தலையில் விழும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இடைவேளையை ஒழுங்குபடுத்துவது தேவைதான்.

ஆனால், அதற்கு நிமிடக் கணக்கைவிட முறை மாற்றிப் போகும் அட்டவணை பயன்படும். சாப்பாட்டு, தேநீர் இடைவேளைகளுக்கு நேரம் வகுக்கலாம். மலசலகூடம் போவதற்கு வகுக்க முடியாது. கணக்கெடுப்பதாக இருந்தால் என்ன பதியப்படுகிறது, யார் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று வேலைக்குச் சேரும்போதே தாய்மொழியில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருவர் அடிக்கடி தாமதித்தால் முதலில் கேட்கவேண்டியது காரணம். அவருக்கு நீரிழிவு இருக்கலாம். கர்ப்பமாக இருக்கலாம். வரிசையில் நின்றிருக்கலாம்.

வேலை செய்பவர்களுக்கும் சில வார்த்தை. நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கடை, அலுவலக ஊழியருக்கு அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. வந்த நேரம், போன நேரம், கிடைத்த இடைவேளை மூன்றையும் உங்களுடைய சொந்தக் கொப்பியிலோ கைத்தொலைபேசியிலோ நாளாந்தம் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள். இடைவேளை மறுக்கப்பட்டாலோ மேலதிக நேரம் கொடுபடாவிட்டாலோ அருகிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள், அல்லது தொழிற்சங்கம் ஒன்றின் துணையுடன் போங்கள். நீங்கள் குறித்து வைத்த திகதிகளும் நேரங்களும் அங்கே பெரிய பலம்.

அந்த அக்கா மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தார். லீவு எடுத்ததால் அந்த மாத வரவுக் கொடுப்பனவு அவருக்குக் கிடைக்கவில்லை. சிவப்பே இல்லாத நிரலுக்குக் கிடைத்த பலன் அது. நானும் உடனே வேலையை விட்டுவிடவில்லை. தைப்பொங்கல் தாண்டும் வரைக்கும் அதே கொப்பியை எழுதினேன். அவர் கீழே இறங்கிப் போனால் மட்டும் பேனையை எடுக்காமல் இருந்தேன். மற்ற 20 பேருக்கும் எழுதினேன்.

இன்று யாராவது என் கையில் ஒரு சீ.ஆர். கொப்பியைத் தந்து கோடு போடச் சொன்னால், நான்கு நிரல்கள் போதும். பெயர், சட்டப்படி கிடைக்கவேண்டிய இடைவேளை, உண்மையில் கிடைத்தது, கிடைக்காவிட்டால் அதற்கு யார் காரணம். சிவப்புப் பேனையைக் கடைசி நிரலுக்கு வைத்துக்கொள்வேன்.